ஊர்விட்டுப் போகாத விடுமுறை: காஞ்சிபுரத்து வீடுகளில் ஓய்வும் காப்பும்

வெளியூர் செல்லாமல், சொந்த வீட்டையே தங்குமிடமாகவும் அதைச் சூழ்ந்த ஊரையே காணத்தக்க தலமாகவும் கொண்டு சில நாட்களைக் கழிக்கும் முறை இன்று ஸ்டேகேஷன் என்று வழங்குகிறது. உள்ளூர் விடுமுறை என்று அதைச் சொல்லலாம். 2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று நாட்டு எல்லைகளை அடைத்தபோது இம்முறை உலகின் பல பகுதிகளிலும் பரவியது. சிங்கப்பூர் அரசு அவ்வாண்டு டிசம்பரில் 18 வயது நிறைந்த தன் குடிமக்களுக்குத் தலைக்கு 100 வெள்ளி மதிப்புள்ள பற்றுச்சீட்டுகளை வழங்கி, உள்நாட்டு விடுதிகளிலும் காட்சியிடங்களிலும் அவற்றைப் பயன்படுத்தச் செய்தது. தொற்று தணிந்த பின்னும் இவ்வழக்கம் நிலைத்ததற்குச் செலவு குறைவு என்பது மட்டும் காரணமன்று. முதியோரையும் கைக்குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு தொலைவு செல்ல இயலாத குடும்பங்களும், தொழிலை நெடுநாள் நிறுத்திவைக்க முடியாத குடும்பங்களும் ஓய்வு பெறுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில், வேகவதி ஆற்றங்கரையில் அமைந்துள்ள காஞ்சிபுரம் இவ்வகை விடுமுறையை எண்ணிப் பார்ப்பதற்குப் பொருத்தமான ஊராகும். பிற ஊரார் பயணம் செய்து காண வரும் கோயில்கள் இவ்வூராருக்கு நடைதூரத்தில் இருக்கின்றன. ஆனால் நெசவாளர் இல்லங்களில் குடும்பம் புழங்கும் கூடமே தறிக்கூடமாகவும் இருப்பதால், வீட்டில் இருப்பது என்பது பெரும்பாலும் வேலையில் இருப்பதாகவே முடிந்துவிடுகிறது. எனவே வீட்டை ஓய்வுக்கும் விருந்துக்கும் உரியதாக முன்கூட்டியே ஆயத்தம் செய்யாதவரை இங்கு உள்ளூர் விடுமுறை பெயரளவிலேயே நிற்கும். அந்த ஆயத்தத்தின் பெரும்பகுதி வீட்டின் பாதுகாப்பைச் சார்ந்தது என்பதே இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்து.

விருந்துக்குப் பெயர்பெற்ற வழி

காஞ்சியை நோக்கிய பயணத்தைப் பாடும் மிகப் பழைய தமிழ் நூல்களுள் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், வறுமையில் வாடும் வேறொரு கலைஞனைத் தான் கண்ட வள்ளலிடம் வழிப்படுத்துவதாக அமையும் பாடல்வகை ஆற்றுப்படை எனப்படும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய 500 அடிகள் கொண்ட இந்நூல், காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை அனுப்பும்போது, வழியில் எயினர், ஆயர், உழவர், வலைஞர், அந்தணர் ஆகியோரின் குடியிருப்புகளில் எவ்வெவ் உணவு கிடைக்கும் என்பதையும் விரிவாகச் சொல்கிறது. வெண்ணெயில் வெந்து, மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கலந்த மாதுளங்காயும், அதனோடு மாவடு ஊறுகாயும் அந்தணர் மனையில் கிடைக்கும் என்று குறிப்பிடுமளவுக்கு அவ்விவரணை நுட்பமானது. அவரவர் வீட்டில் எது உண்டோ அதையே முறையாகப் படைப்பதுதான் விருந்து என்ற எண்ணம் அதில் அடங்கியிருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்திலும், மழை பொய்த்து வறண்ட காஞ்சிக்கு வரும் மணிமேகலை அமுதசுரபியால் அங்குள்ளோரின் பசியை ஆற்றுகிறாள். விருந்தோம்பல் இவ்வூரின் இலக்கிய நினைவிலேயே ஊறியிருப்பதால், வீட்டை வரவேற்புக்கு உரியதாக வைத்திருத்தல் இங்கு புதிதாகக் கற்க வேண்டிய பழக்கமன்று.

தறியும் குடும்பமும் பகிரும் கூடம்

பழைய தமிழக வீட்டில் தெருவை ஒட்டித் திண்ணையும், அதையடுத்து ரேழி எனப்படும் நடையும், வானுக்குத் திறந்த முற்றமும், அதைச் சூழ்ந்த கூடமும், கடைசியில் கொல்லைப்புறமும் வரிசையாக அமைந்திருக்கும். வழிப்போக்கரும் அமர்வதற்கு உரியது திண்ணை. உறவினர் கூடுவதற்கு உரியது கூடம். குடும்பத்தினர் மட்டும் புழங்குவதற்கு உரியவை உட்கட்டுகள். பொதுவிடத்தையும் தனியிடத்தையும் படிப்படியாகப் பிரித்த இந்த அமைப்பு, வருவோரை முகம் சுளிக்காமல் வரவேற்கவும், அதே வேளையில் வீட்டின் உட்பகுதியைக் காக்கவும் உதவியது.

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுப் பகுதிகளில் இக்கூடத்தில் குழித்தறி இடம்பெறுகிறது. தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை விட்டு மிதிகளை இயக்கியபடி, தரைமட்டத்தில் அமர்ந்து நெய்யும் தறியே குழித்தறி. சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, அவை சேருமிடத்தில் நூல்களைப் பின்னி இணைக்கும் கோர்வை முறையில் நெசவாளருக்குத் துணையாக இன்னொருவரும் அமர வேண்டியிருப்பதால், குடும்பத்தில் ஒருவர் மட்டும் ஓய்வெடுப்பது நடவாத செயலாகிறது. 2005–06 நிதியாண்டில் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரம் பட்டின் பின்னால் இத்தகைய கூட்டுழைப்பு இருக்கிறது. எனவே விடுமுறை நாட்கள் எவை என்பதைக் குடும்பத்தார் அனைவரும் முன்னரே கூடி முடிவு செய்வதும், அந்நாட்களில் நெசவில் உள்ள சேலையைத் தூய பருத்தித் துணியால் மூடித் தறியை நிறுத்துவதும், ஒப்படைக்கும் நாளை அதற்கேற்பப் பேசிக்கொள்வதும் முதல் தேவைகள்.

சொந்த ஊரை விருந்தினராகக் காணுதல்

தறி நின்றபின் ஊர் காத்திருக்கிறது. கோயில் நகரங்களில் வாழ்வோர் வேண்டுதலுக்காகக் கோயிலுக்குச் செல்வார்களே தவிர, அதன் கட்டடத்தையும் சிற்பத்தையும் நின்று பார்ப்பது அரிது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன் மணற்கல்லால் எழுப்பிய கைலாசநாதர் கோயிலில், சுற்றாலையை ஒட்டி 58 சிறு சன்னிதிகள் உள்ளன; அவற்றுள் சிலவற்றில் பல்லவர் கால ஓவியத்தின் எச்சங்களை இன்றும் காணலாம். அதே நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் எழுப்பிய வைகுந்தப் பெருமாள் கோயிலில், மூன்று தளங்களில் அமர்ந்தும் கிடந்தும் நின்றும் திருமால் காட்சி தருகிறார். அதன் சுற்றுச்சுவரில் பல்லவர் வரலாறு, நந்திவர்மன் அரசனாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நிகழ்ச்சி உட்பட, வரிசையான சிற்பப் பலகைகளாகச் செதுக்கப்பட்டுள்ளது. வரலாற்றுப் பாடத்தை மனப்பாடம் செய்யும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு காலைப்பொழுது இங்கே செலவிடுவது பெரும் பயன் தரும்.

நகரின் ஓரத்திலுள்ள திருப்பருத்திக்குன்றத்தில், சமணக் காஞ்சியின் எச்சமாக, விதானத்தில் ஓவியங்கள் நிறைந்த வர்த்தமானர் கோயில் இருக்கிறது. ஒரு நாள் பயணமாகச் செல்லத்தக்க உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுத்து ஊர்ச்சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை விவரிக்கின்றன. சித்திரா பௌர்ணமியன்று காஞ்சியின் வரதராஜப் பெருமாள் ஐயங்கார்குளத்திலுள்ள நடவாவிக்கு எழுந்தருளுகிறார். படிகள் வழியாகப் பூமிக்குள் இறங்கிச் சென்று அடையும் மண்டபத்தைக் கொண்ட கிணறு அது. அப்பெருமாளின் அத்திமரத் திருமேனியான அத்திவரதரின் தரிசனம் 40 ஆண்டுகளுக்கு ஒரு முறையே வாய்க்கிறது. 1979க்குப் பிறகு 2019இல் அது நிகழ்ந்தபோது நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்து குவிந்தனர். நடவாவித் திருவிழாவோ ஆண்டுதோறும் வருகிறது.

கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடைசாத்தி மாலை 4 மணியளவில் திறப்பதால், காலையில் ஒரு கோயில், பகலில் வீட்டில் உணவும் உறக்கமும், மாலையில் மற்றொரு கோயில் என்ற ஒழுங்கு தானாகவே அமைந்துவிடும். வெளியூர்ப் பயணிக்குக் கிட்டாத வசதி இது. வரதராஜர் கோயிலில் படைக்கப்படும் காஞ்சிபுரம் இட்லியை, மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்த்த மாவை மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி ஆவியில் வேகவைக்கும் பழைய முறைப்படியே வீட்டில் செய்து பார்ப்பதும் விடுமுறைக்கு உரிய வேலைதான்.

ஆயத்தத்தின் முதற்பகுதி: பாதுகாப்பு

வீட்டில் ஆட்கள் கூடும்போது அடுப்பு அதிக நேரம் எரிகிறது, மின்சாதனங்கள் கூடுதலாக இயங்குகின்றன, குளியலறை ஓயாமல் ஈரமாக இருக்கிறது. எனவே விபத்துக்கான வாய்ப்பும் விருந்து நாட்களில் கூடுகிறது.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் அது மேலெழாமல் தரையை ஒட்டிப் பரவிப் பள்ளமான இடங்களில் தேங்கும். குழித்தறி உள்ள வீட்டில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும், ஏனெனில் அடுக்களையை ஒட்டிய தறிக்குழியே அவ்வாயு தேங்கும் இடமாகிவிடக்கூடும். கசிவை மூக்கு உணர்வதற்காகவே அவ்வாயுவில் கடும் நெடியுள்ள வேதிப்பொருள் கலக்கப்படுகிறது. அந்நெடி எழுந்தால் மின்விசையைப் போடவோ அணைக்கவோ கூடாது. விசையில் எழும் சிறு பொறியே தீப்பற்றப் போதுமானது. பூசை விளக்கு உட்பட எரியும் சுடர் அனைத்தையும் அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, அனைவரும் வெளியேறியபின் எரிவாயுக் கசிவுக்கான 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அடுப்புக்கும் உருளைக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயை 5 ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்றுவது கட்டாயம்.

பழைய வீடுகளில் தறிக்கு மேலே தொங்கும் விளக்கின் கம்பியும், மழைக்காலத்தில் ஈரம் ஊறும் சுவரில் பதித்த கம்பியும் தேய்ந்திருக்கக் கூடும். மின்சாரம் முறையான வழியை விட்டு மனித உடல் வழியாகத் தரைக்குக் கசியும்போது, அதை நொடிப்பொழுதில் உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஆர்.சி.சி.பி. எனப்படுகிறது, வீடுகளுக்கு 30 மில்லிஆம்பியர் அளவில் துண்டிக்கும் வகை ஏற்றது. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அதைப் பொருத்துவதும், அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்ப்பதும் உயிர்காக்கும் பழக்கங்கள்.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல நீரில் முட்டையிடுகிறது. முட்டை முழுக்கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். அதனால் பயன்படாத ஆட்டுக்கல், பூந்தொட்டித் தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு, மூடியில்லாத தொட்டி ஆகியவற்றை வாரம் ஒரு முறை காலி செய்தால் அச்சுழற்சி அறுபடும். முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, உலர்ந்த பின்னும் பல மாதம் உயிரோடு இருக்கக்கூடியவை ஆகையால், நீரைக் கொட்டுவதோடு நிறுத்தாமல் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும்.

முதியோர் வீட்டுக்குள் வழுக்கி விழுவது எங்கும் காணப்படும் துயரம். எண்ணெய்க் குளியலுக்குப் பின் தரையைச் சீயக்காயோ சவர்க்காரமோ இட்டுக் கழுவிவிடுதல், குளியலறைச் சுவரில் உறுதியான கைப்பிடி பொருத்துதல், இரவில் எழுந்து செல்லும் வழியில் சிறு விளக்கு எரியவிடுதல் ஆகிய மூன்றும் சிறு செலவில் முடியும். தறிக்குழிக்கும் கிணற்றுக்கும் பலகை மூடியோ கம்பி மூடியோ இடுவது, குழந்தைகளோடு உறவினர் வருவதற்கு முன் தவறாமல் முடிக்க வேண்டிய பணி. விடுமுறை நாளில் குடும்பம் முழுவதும் கோயிலுக்குச் செல்லும்போது வீடு பூட்டிக் கிடப்பதால், அண்டை வீட்டாரிடம் சொல்லிச் செல்வதும், வெளியே சென்றிருக்கும் செய்தியைத் திரும்பிய பின்னரே சமூக ஊடகங்களில் பகிர்வதும் நன்று. அவசர உதவிக்கான 112, மருத்துவ ஊர்திக்கான 108 ஆகிய எண்கள் விருந்தினர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வருவோரும் வீட்டாரும்

நன்கு வரவேற்பது என்பது நிறையப் படைப்பது மட்டுமன்று. வருவோருக்குக் குடிநீர் எங்கே, கழிப்பறை எங்கே, எந்த அறை அவர்களுக்கு உரியது, எந்தப் பொருளைத் தொடக்கூடாது என்பன முதலிலேயே தெளிவாகச் சொல்லப்பட்டால் இரு தரப்பாருக்கும் கூச்சம் நீங்கும். தறியில் ஏறியுள்ள பாவு நூல் ஈரக்கையும் எண்ணெய்க்கையும் பட்டால் கெடும் என்பதால், தறியைக் காட்டி விளக்குவதற்கு ஒரு நேரத்தை ஒதுக்கி, மற்ற நேரத்தில் அப்பகுதியைத் திரையிட்டு மறைப்பது தொழிலையும் காக்கும், விருந்தினரின் ஆவலையும் நிறைவேற்றும். சமைக்கும் பொறுப்பு முழுவதும் வீட்டுப் பெண்கள்மீது விழுமானால் அவர்களுக்கு அந்நாட்கள் விடுமுறையாகா; ஆகவே ஒரு வேளை உணவை உணவகத்திலிருந்து வரவழைப்பதும், ஏனைய வேலைகளை ஆண்களும் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்வதும் விடுமுறைத் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும்.

சில குடும்பங்கள் இதையே ஒரு தொழிலாகவும் எண்ணக்கூடும். நடுவண் அரசின் சுற்றுலா அமைச்சகம் நடத்தும் இல்லத் தங்கல் திட்டத்தில், உரிமையாளர் குடும்பத்தோடு அவ்வீட்டிலேயே வசிக்க வேண்டும் என்பதும், வாடகைக்கு விடும் அறைகள் ஒன்றுக்குக் குறையாமலும் ஆறுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனைகள். வசதிக்கேற்பத் தங்கம், வெள்ளி என இருவகைத் தரம் வழங்கப்படுகிறது. வெளிநாட்டினர் தங்கினால் அவ்விவரத்தை 24 மணி நேரத்துக்குள் உரிய அலுவலகத்துக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. உறவினருக்காகச் செய்யும் பாதுகாப்பு ஏற்பாடுகளே அயலாரை ஏற்கும் தகுதிக்கும் அடித்தளமாகின்றன.

இவை அனைத்தையும் தொடங்குவதற்கு உகந்த காலம் நாட்காட்டியிலேயே இருக்கிறது. ஆயுத பூசை நாளில் தொழிற்கருவிகளைத் துடைத்துப் பொட்டிட்டு ஓய்வு கொடுக்கும் மரபு தமிழகத்துத் தொழிற்குடும்பங்களுக்கு உண்டு; அந்நாள் வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னதாகவும், பெரும்பாலும் பள்ளிகளின் காலாண்டு விடுமுறையை ஒட்டியும் வருகிறது. வீட்டைத் துப்புரவு செய்யும் அந்நாட்களிலேயே எரிவாயுக் குழாய், மின்கம்பி, கைப்பிடி, குழிமூடி, நீர்த்தொட்டி ஆகியவற்றையும் பார்த்து முடித்து, அடுத்து வரும் இரண்டு நாட்களை ஊரைக் காண ஒதுக்கும் வழக்கம் காஞ்சிபுரத்துக் குடும்பங்களில் வேரூன்ற வேண்டும். வெளியூர்ப் பயணத்துக்கு ஆகும் செலவில் ஒரு பங்கு போதும், வீடு ஆண்டு முழுவதற்கும் பத்திரமாகும். தம் ஊரின் சிற்பத்தையும் கல்வெட்டையும் கண்டு வளர்ந்த பிள்ளைகள் பின்னாளில் அவற்றைக் காக்கும் பொறுப்பையும் தமதாக ஏற்பார்கள்.