சொறி என்னும் ஒற்றைச் சொல்லும் பல நோய்களும்

சித்தூரிலும் திருப்பதியிலும், மயிர் கொட்டித் தோல் தடித்துத் திரியும் தெருநாயைத் தெலுங்கில் 'கஜ்ஜி குக்க' என்றும் தமிழில் 'சொறிநாய்' என்றும் சொல்லி விரட்டுவது வழக்கமாயினும், காரணத்திலும் பரவும் விதத்திலும் மருந்திலும் ஒன்றுக்கொன்று மாறுபட்ட பல நோய்களை அந்த ஒற்றைச் சொல் மூடி மறைத்துவிடுகிறது.

உண்மையான சொறி, சிலந்தி வகுப்பைச் சேர்ந்த சார்காப்டிஸ் என்னும் சிற்றுண்ணியால் வருவது. பெண் உண்ணி தோலின் மேலடுக்கைக் குடைந்து முட்டையிடுவதால், காதுமடல் ஓரத்திலும் முழங்கையிலும் வயிற்றிலும் தாங்கமுடியாத அரிப்பு எழ, நாய் தன்னைத்தானே சொறிந்தும் கடித்தும் மயிரை இழக்கிறது. பிற நாய்களுக்கு விரைவில் தொற்றும் இது, வளர்ப்பவரின் கைகளிலும் சிவந்த தடிப்புகளை உண்டாக்கக்கூடும். எனினும் நாய்க்குரிய இவ்வகை மனிதத் தோலில் நிலைத்துப் பெருகுவதில்லை ஆதலால், நாய் குணமானபின் அவ்வரிப்பும் பெரும்பாலும் தானே அடங்கும்.

டெமோடெக்ஸின் இயல்பே வேறு. சுருட்டு வடிவில் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் நீளமே உள்ள இச்சிற்றுண்ணி, பிறந்த முதற்சில நாட்களில் பாலூட்டும் தாயிடமிருந்து குட்டிக்கு வந்து மயிர்க்கால்களில், அதாவது மயிர் முளைக்கும் நுண்குழிகளில் தங்கி, பெரும்பாலும் தீங்கின்றியே வாழ்கிறது. எதிர்ப்பாற்றல் தளர்ந்தால் மட்டும் பெருகி, கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முன்னங்கால்களிலும் தொடக்கத்தில் அரிப்புக் குறைந்த வழுக்கைத் திட்டுகளை ஏற்படுத்துகிறது. தோல்நோய் என்றதும் அரிப்பைத் தணிக்கப் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி, எஞ்சிய எதிர்ப்பாற்றலையும் அடக்கிவிடுவதால், இங்கே நோயை வளர்க்கும் உரமாகிவிடுகிறது என்பதை அழுத்திச் சொல்லியாக வேண்டும்.

வட்டத் திட்டுகளாக மயிர் ஒடிந்து உதிரும் படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று. தைராய்டு சுரப்புக் குறைவிலோ அரிப்பே இன்றி இரு விலாக்களிலும் சமமாக மயிர் குறையும்.

இவற்றுள் உண்ணிகளால் வரும் இரண்டையும் பிரித்தறியும் எளிய வழி தோல் சுரண்டல். 1955இல் தொடங்கப்பட்டு இன்று ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் திருப்பதிக் கால்நடை அறிவியல் கல்லூரி உட்பட, எந்தக் கால்நடைக் கல்லூரியிலும் கற்பிக்கப்படும் இச்சோதனையில், தோலைப் பிதுக்கி, இலேசாக இரத்தம் கசியும்வரை கத்தியலகால் சுரண்டி, எடுத்ததை நுண்ணோக்கியில் பார்க்கின்றனர். டெமோடெக்ஸ் இதில் எளிதில் அகப்படும். சார்காப்டிஸ் பலமுறை சுரண்டியும் சிக்காமல் போவதுண்டு என்பதால், அறிகுறிகளை நம்பியே மருந்து தொடங்கவும் நேரும்.

சோதனைக்குச் செலவிட வேண்டிய நேரத்தில் வண்டியின் கழிவு எண்ணெயைப் பூசுவது பெருந்தவறு. நாய் அதை நக்கி விழுங்க, தோலின் நோயோடு உடலில் நஞ்சும் சேர்கிறது. உரிய மருந்தால் மயிர்க்கால்கள் மீண்டு மயிர் பெரும்பாலும் திரும்ப முளைக்கும் என்றாலும், டெமோடெக்ஸ் நோயில் மயிர் முளைத்ததைக் கண்டு மருந்தை நிறுத்தலாகாது. ஒரு மாத இடைவெளியில் அடுத்தடுத்து இருமுறை சுரண்டியும் உண்ணி தென்படாதபோதே நிறுத்த வேண்டும்.