தெற்கே பார்த்த ரேடியோ

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பர் 1 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. அது சிவகாசிக்கு நேர் தெற்கே, சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 1987-இல் மதுரை நிலையம் வரும்வரை, பட்டாசு ஆபீஸும் தீப்பெட்டி ஆபீஸும் நிறைந்த இந்த வட்டாரத்துக்கு மிக அருகில் இருந்த இந்திய நிலையம் இதுதான். திருநெல்வேலிக்கு முன் 1939-இல் தொடங்கிய திருச்சி இருந்தது, கடலுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலி வந்தது. தீப்பெட்டி ஒட்டுகிறவர்களுக்கும் வெடிக்குக் குழாய் உருட்டுகிறவர்களுக்கும் கைதான் ஓயாது, காதுக்கு வேலையில்லை. வானொலிக்கு அதைவிட நல்ல நேயர்கள் கிடைப்பது கடினம்.

திருநெல்வேலியின் அலைவரிசை 1197 கிலோஹெர்ட்ஸ். அதாவது, கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை நொடிக்குப் பதினொரு லட்சத்துத் தொண்ணூற்றேழாயிரம் முறை அதிர்கிறது. பேசுகிறவரின் குரலுக்கு ஏற்ப அந்த அலையின் உயரம் கூடும், குறையும். ஏ.எம். என்பது இதுதான். ரேடியோவுக்குள் இருக்கும் ஒரு சின்ன டயோடு அந்த ஏற்ற இறக்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டால் குரல் கிடைத்துவிடும். அதனால்தான் மலிவான பெட்டியும் நன்றாகப் பாடியது.

அலையின் நீளம் சுமார் 250 மீட்டர். இத்தனை நீளமான மீடியம் வேவ் அலை பகலில் தரையை ஒட்டியே ஓடும். வறண்ட பாறை நிலத்தில் சீக்கிரம் தேய்ந்துபோகும். ஈரம் பிடித்த கரிசலில் இன்னும் தூரம் போகும். உப்புக் கடலின் மேல் தேய்வு மிகக் குறைவு. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களைத் தென்மாவட்டங்கள் தம் வீட்டுக் குரல்களாகவே கேட்டதில் மன்னார் வளைகுடாவுக்கும் பங்கு உண்டு. தூத்துக்குடியில் 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரை நிறுவிய அகில இந்திய வானொலி, அதே கடல்வழியாக இலங்கைக்கு ஒலிபரப்பியது.

ரேடியோவைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பார்களே, அதற்கும் காரணம் இருக்கிறது. பெட்டிக்குள் நீளவாக்கில் ஒரு கறுப்பு ஃபெரைட் தண்டு படுத்திருக்கும். அதன் மேல் சுற்றிய கம்பிச்சுருள்தான் மீடியம் வேவ் ஏரியல். தண்டின் முனை நிலையத்தை நோக்கினால் ஒலி மங்கும். குறுக்கே இருந்தால் தெளியும். சிவகாசியில் திருநெல்வேலி வேண்டுமென்றால் பெட்டியின் முகம் தெற்கையோ வடக்கையோ பார்க்க வேண்டும். மதுரை வடகிழக்கே இருப்பதால் அதற்குக் கொஞ்சம் திருப்ப வேண்டும்.

ஏ.எம்.மின் குறை என்று எல்லோரும் சொல்வது கரகரப்பு. மின்னலும் ரேடியோ அலையை உண்டாக்குகிறது. அது நிலையத்தின் அலையோடு கலந்து அதன் உயரத்தைக் குலைத்துவிடுகிறது. எஃப்.எம். இந்தத் தொல்லையிலிருந்து பெருமளவு தப்பித்துக்கொள்ளும். ஆனால் வெடிமருந்தை நம்பிப் பிழைக்கும் ஊருக்கு இந்தக் கரகரப்பு ஒரு தகவல் என்றே நான் சொல்வேன். இடி காதில் விழுவதற்கு வெகு முன்பே, தொலைவில் திரளும் மழையை மீடியம் வேவ் காட்டிக்கொடுத்துவிடும். மருந்து அறைக்குள் ரேடியோவுக்கு இடமே இல்லை. வெளியே, வாசலோரத்தில் ஒன்று இருக்கலாம்.

நாடெங்கும் பழைய மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டு, எஃப்.எம். அந்த இடத்துக்கு வருகிறது. ஒற்றைக் கோபுரத்தால் இத்தனை கிராமங்களை எட்டும் வசதியை நாம் அவசரப்பட்டுக் கைவிடுகிறோம். பரணில் பழைய பெட்டி இருந்தால் பகலில் கேட்டுப் பாருங்கள். இருட்டிவிட்டால் வானில் பட்டுத் திரும்பும் தூரத்து நிலையங்கள் குறுக்கிடும். எல்.இ.டி. விளக்கும் போன் சார்ஜரும் இரைச்சல் கிளப்பும் என்பதால், பெட்டியை வீட்டைவிட்டுச் சற்றுத் தள்ளி எடுத்துப் போய் வைப்பது நல்லது.