மைக்ரோசாஃப்ட் ஏகபோகத் தடுப்பு வழக்கும் பங்கு முதலீட்டாளர்களும்

மைக்ரோசாஃப்ட் ஏகபோகத் தடுப்பு வழக்கு என்பது அமெரிக்க நீதித்துறையும் 20 மாநிலங்களும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மீது 1998 மே 18 அன்று வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடுத்த வழக்காகும். தனிநபர் கணினி இயங்குதளச் சந்தையில் விண்டோசுக்கு இருந்த ஆதிக்கத்தைக் கொண்டு நெட்ஸ்கேப் உலாவியை நசுக்க முயன்றது என்பது முக்கியக் குற்றச்சாட்டு. அரசு வழக்கை எதிர்கொள்ளும் நிறுவனத்தில் பணம் போட்டவருக்கு என்ன நேர்கிறது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

வழக்கின் போக்கு

நிறுவனம் ஷெர்மன் சட்டத்தை மீறியது என நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்சன் 2000 ஏப்ரல் 3 அன்று தீர்ப்பளித்தார். இயங்குதளத்துக்கு ஒன்று, பிற மென்பொருள்களுக்கு ஒன்று என நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்குமாறு ஜூன் 7 அன்று ஆணையிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001 ஜூன் 28 அன்று பிரிப்பு ஆணையை நீக்கியது. ஆனால் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்ற முடிவை ஏற்றது. அதே ஆண்டு நவம்பரில் அரசுடன் உடன்பாடு ஏற்பட்டது.

பங்கு விலை

2000 ஏப்ரல் 3 அன்று மட்டும் பங்கு விலை 14 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. சமரசப் பேச்சு முறிந்த செய்தி அதற்கு முன்பே வெளிவந்திருந்தது. தீர்ப்பு அன்றைய வணிகம் முடிந்த பிறகே வந்தது. அதாவது, சந்தை தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. அன்று நாஸ்டாக் குறியீடும் 7 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்ததால், சரிவு முழுவதையும் வழக்கின் கணக்கில் எழுத முடியாது.

பிரிப்பு ஆணை நீங்கிய பின்னும் பங்கு விலை மீளவில்லை. 1999 டிசம்பரில் எட்டிய உச்சத்தை அது 2016 அக்டோபரில்தான் கடந்தது. இதற்கிடையே ஆண்டு வருவாய் சுமார் 2,300 கோடி டாலரிலிருந்து சுமார் 8,500 கோடி டாலராக உயர்ந்திருந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் ஒரு பங்கின் ஆண்டு லாபத்தைப் போல் 60 மடங்குக்கும் மேல் விலை கொடுத்திருந்தனர். 2003 முதல் வழங்கப்பட்ட ஈவுத்தொகை இழப்பின் ஒரு பகுதியை ஈடுசெய்தது. வழக்கில் நிறுவனம் தப்பினாலும், மிகை விலை கொடுத்தவர் தப்பவில்லை.

நிறுவனம் பிரிக்கப்பட்டால்

பிரிப்பு என்பது பங்குதாரரின் சொத்தைப் பறிமுதல் செய்வதன்று. 1984இல் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனம் பிரிக்கப்பட்டபோது, 10 பங்கு வைத்திருந்தவருக்குப் புதிய 7 வட்டார நிறுவனங்கள் ஒவ்வொன்றிலும் 1 பங்கு கிடைத்தது. பழைய பங்குகளும் கையில் இருந்தன. 1911இல் ஸ்டாண்டர்டு ஆயில் 34 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்ட பின் ராக்ஃபெல்லரின் செல்வம் பெருகியது.

கவனிக்க வேண்டியவை

* அரசு கோரும் தீர்வு: அபராதமா, நடத்தைக் கட்டுப்பாடா, பிரிப்பா என்பது.
* கட்டுப்பாடு தொடும் வணிகத்திலிருந்து வரும் லாபத்தின் பங்கு.
* வழக்கு நீளும் காலம்: இவ்வழக்கு உடன்பாட்டை எட்டவே மூன்றரை ஆண்டுகள் ஆயின.
* வாங்கும் விலைக்கும் லாபத்துக்கும் உள்ள விகிதம்.