புவான் து ஓக் பாறைமுனை

பிரான்சு தேசத்தின் நார்மண்டிக் கரையில், ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் புவான் து ஓக் என்னும் பாறைமுனையை, 1944 ஜூன் 6ஆம் நாள் காலையில், ஜேம்ஸ் ரடர் என்பாரின் தலைமையில் அமெரிக்க ரேஞ்சர் வீரர் 225 பேர் கயிறு பற்றி ஏறத் துணிந்தனர். கடல்நீரில் ஊறிக் கனத்த கயிறுகள் பல, ராக்கெட் விசையால் எய்யப்பட்டும், உச்சியை எட்டாமலே விழுந்தன. லண்டன் தீயணைப்புப் படையிடமிருந்து பெற்று ஊர்திகளில் பொருத்திய நெடிய ஏணிகளோ, குண்டுகளால் குழிபட்ட அந்தக் குறுகிய கரையில் நிலைகொள்ள வழியின்றிப் பயனற்றுப் போயின. உயிரைப் பணயம் வைத்து மேலேறியவர்கள் கண்டது, தாங்கள் அழிக்க வந்த ஜெர்மானியப் பீரங்கிகளை அல்ல. அவற்றின் ஸ்தானத்தில் கிடந்த மரத்துண்டுகளையே! விதியின் பரிகாசம் என்பது இதுதான் போலும். எனினும் உள்நாட்டுப் பக்கம் மறைத்து வைத்திருந்த பீரங்கிகளைத் தேடிக் கண்டு அன்றே செயலிழக்கச் செய்தனர். இரண்டு நாட்களுக்குப் பின் போரிடும் நிலையில் எஞ்சியிருந்தோர் சுமார் 90 பேரே.

1979 முதல் அமெரிக்கப் போர் நினைவுச்சின்ன ஆணையத்தின் பராமரிப்பில் உள்ள இவ்விடத்தில், குண்டுக்குழிகளை நிரவிச் சமன் செய்யாமல், புல் மூடிய பள்ளங்களாக அப்படியே விட்டிருக்கிறார்கள். ஆயினும் அலைகள் பாறையின் அடியை ஓயாது அரித்தமையால், விளிம்பிலிருந்த கண்காணிப்பு அரண் சில ஆண்டுகள் மூடப்பட்டு, அடிவாரக் குடைவுகளைக் கான்கிரீட்டால் நிரப்பிய பின்னர் 2011இல் மீண்டும் திறக்கப்பட்டது.