இலங்கையின் உணவு, நீர், ஆற்றல் முகாமைத்துவம்

ஒரு நாட்டின் உணவு, நீர், ஆற்றல் ஆகிய மூன்றும் நிர்வாகத்தில் வெவ்வேறு அமைச்சுகளின் பொறுப்பாக இருந்தாலும், நடைமுறையில் ஒன்றையொன்று சார்ந்தவை. நெல்லுக்கு நீர் வேண்டும். நீரைச் சேர்க்கவும் இறைக்கவும் ஆற்றல் வேண்டும். ஆற்றலில் ஒரு பங்கு நீரிலிருந்தே கிடைக்கிறது. இந்தப் பிணைப்பை மிகத் தெளிவாகக் காணக்கூடிய நாடுகளுள் இலங்கையும் ஒன்று. இங்கு மலைநாட்டில் பெய்யும் மழையே மின்சாரமாகவும், பின்னர் உலர் வலயத்தின் நெல்லாகவும் மாறுகிறது.

நீர்மின் நிலையம் நீரைக் குடித்துத் தீர்ப்பதில்லை. சுழலியைச் சுற்றிவிட்டு வெளியேறும் நீர் மறுபடியும் ஆற்றுக்கே வருகிறது. அப்படியானால் வயலுக்கும் மின்சாரத்துக்கும் இடையே போட்டி ஏன் எழ வேண்டும் என்ற கேள்வி இயல்பானது. போட்டி நீரின் அளவு பற்றியது என்பதைவிட, அது எந்த வழியாக, எந்த மாதத்தில் போக வேண்டும் என்பது பற்றியது. மகாவலி முதலாவதற்கும் வளவை கங்கை இரண்டாவதற்கும் எடுத்துக்காட்டு.

பொல்கொல்லவில் பிரியும் வழி

335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலி கங்கை இலங்கையின் மிக நீண்ட ஆறு. கண்டிக்கு அருகே பொல்கொல்லவில் கட்டப்பட்ட அணை 1976இல் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளச் சுரங்கம் வழியாக ஆற்றுநீரின் ஒரு பகுதி வடக்கே திருப்பப்பட்டு, உக்குவெல மின்நிலையத்தைக் கடந்து போவத்தென்ன நீர்த்தேக்கத்தை அடைகிறது. அதிலிருந்து ஒரு கிளை கலாவாவிப் பக்கமும், மற்றொன்று போவத்தென்ன மின்நிலையம் வழியாக அம்பன் கங்கைப் பக்கமும் செல்கின்றன. இவ்விரு மின்நிலையங்களும் தலா 40 மெகாவாட் அளவிலான சிறிய நிலையங்களே. கலாவாவிக்குப் போகும் நீர் போவத்தென்ன மின்நிலையத்தைத் தொடுவதுகூட இல்லை.

திருப்பப்படாத நீர் ஆற்றின் வழியே கீழே போய் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே ஆகிய மூன்று நிலையங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கிறது. விக்டோரியா மட்டும் 210 மெகாவாட். அங்கு நீர் சுமார் 190 மீற்றர் உயர வேறுபாட்டில் விழுகிறது; ஒரு கனமீற்றர் நீர் ஏறத்தாழ அரை அலகு மின்சாரம் தரும். அதன் பிறகும் அந்த நீர் வீணாவதில்லை. மினிப்பே அணைக்கட்டில் மீண்டும் மறிக்கப்பட்டு, கிழக்கே உள்ள மகாவலிக் குடியேற்றங்களின் வயல்களுக்குப் போகிறது.

எனவே பொல்கொல்லவில் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு கேள்விகள் எழுகின்றன: எவ்வளவு மின்சாரத்தை விட்டுக்கொடுப்பது? அநுராதபுரப் பக்கத்து விவசாயிக்கா, கிழக்குப் பக்கத்து விவசாயிக்கா முதலில் நீர் விடுவது? இதற்காகவே மகாவலி அதிகார சபை, நீர்ப்பாசனத் திணைக்களம், மின்சாரத் துறை முதலியவற்றின் பிரதிநிதிகள் அமரும் நீர் முகாமைத்துவக் குழு ஒன்று உள்ளது. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்பு அது நீர்ப்பங்கீட்டைத் திட்டமிடுகிறது. அதிகம் பேசப்படாத அமைப்பு இது. ஆனால் பல பெரிய அறிவிப்புகளைவிட நாட்டின் சோற்றையும் விளக்கையும் தீர்மானிப்பது இதுதான்.

மழை பொய்த்த ஆண்டுகளில் இந்தக் கணக்கு பிசகிவிடும். 1990களின் நடுப்பகுதி வரை இலங்கையின் மின்சாரம் பெரும்பாலும் நீரையே நம்பியிருந்தது. 1996 வறட்சியில் நாடெங்கும் நீண்ட மின்வெட்டு வந்தது. அதன்பின் எண்ணெய் மின்நிலையங்களும், 2011 முதல் நுரைச்சோலை நிலக்கரி நிலையமும் சேர்ந்தன. இதனால் மழையை நம்பும் நிலை குறைந்தது. அதே அளவுக்கு இறக்குமதியையும் அந்நியச் செலாவணியையும் நம்பும் நிலை வளர்ந்தது.

சமனலவெவ: 2023

பலாங்கொடைக்கு அருகே வளவை கங்கையை மறித்துக் கட்டப்பட்ட சமனலவெவ 120 மெகாவாட் மின்நிலையத்துக்கான நீர்த்தேக்கம். அதற்குக் கீழே உடவளவ நீர்த்தேக்கம் பரந்த நெற்காணிகளுக்குப் பாசனம் அளிக்கிறது. 2023 சிறுபோகத்தில் உடவளவ வற்றியது. வயல்கள் காயத் தொடங்க, மேலே உள்ள நீரைத் திறக்கும்படி விவசாயிகள் வீதிக்கு இறங்கினர். மின்சார சபை தயங்கியது. தென்பகுதிக்கு வேறிடத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரும் கடத்தல் வசதி போதாததால், சமனலவெவ நீர் தீர்ந்தால் அங்கு மின்வெட்டு வரும் என்பது அதன் வாதம். இறுதியில் விடயம் அமைச்சரவைக்குப் போய் நீர் திறக்கப்பட்டது. அதற்குள் பல வயல்கள் காய்ந்திருந்தன.

இங்கு இரு தரப்பும் கேட்டது ஒரே நீரைத்தான். இன்று திறந்தால் மின்சாரமும் வரும், வயலும் நனையும். ஆனால் அடுத்த மாத மின்சாரத்துக்கு நீர் இராது. ஆகவே வயலுக்குக் குறுக்கே நின்றது அணை என்பதைவிட, போதாத மின்கம்பி வழிதான் என்று சொல்வது பொருந்தும். மின்கடத்தல் பாதை ஒன்றின் தாமதம் நெல் விளைச்சலைப் பாதிக்கும் என்று எந்த விவசாயத் திட்டத்திலும் எழுதப்பட்டிருக்காது.

இதே அணையில் இன்னொரு விந்தையும் உண்டு. அணையின் வலக்கரையில் 1992இல் பெருங்கசிவு ஏற்பட்டது. அது முற்றாக அடைக்கப்படவில்லை. சுரங்கம் வழியாக மின்நிலையத்துக்குப் போகும் நீர் கல்தோட்டைப் பாசன வாய்க்காலைத் தாண்டிய பிறகே ஆற்றில் சேர்கிறது. அதனால் கல்தோட்டை வயல்களை வாழவைப்பதில் இந்தக் கசிவுக்குப் பெரும் பங்கு உண்டு. மின்பொறியியலாளருக்கு இழப்பானது, அங்கே பாசனம்.

பசளையும் எரிபொருளும்

ஆற்றல் வயலுக்குள் நுழையும் இன்னொரு வழி பசளை. யூரியாவின் மூலப்பொருளான அமோனியா பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து செய்யப்படுகிறது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோதும் பெரும்போக விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு. டீசல் இல்லாமல் உழவு இயந்திரங்களும் அறுவடை இயந்திரங்களும் நின்றன. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, மண்ணெண்ணெய் இயந்திரத்தால் கிணற்றுநீர் இறைக்கும் யாழ்ப்பாண விவசாயிக்கு ஒவ்வொரு இறைப்பும் கணக்குப் பார்த்துச் செய்யும் வேலையாயிற்று.

சூரியசக்தி நீரிறைப்பான்கள் இதற்கு மாற்றாகப் பேசப்படுகின்றன. செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் இறைக்கச் செலவே இல்லையென்றால் நிறுத்தவும் காரணம் இருக்காது. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தடியில் நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு படலமாகவே உள்ளது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் மேலேறும்.

இரணைமடுவும் தாளையடியும்

ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு கிளிநொச்சி இரணைமடுக் குளத்திலிருந்து குடிநீர் கொண்டுபோகத் திட்டமிடப்பட்டது. சிறுபோகத்துக்கே நீர் போதாது என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். மாற்றாக வடமராட்சி கிழக்கில் தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவுள்ள கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. நெல்லுக்கும் குடிநீருக்கும் இடையிலான தகராறு இவ்வாறு தணிந்தது.

அதன் விலை மின்சாரத்தில் கொடுக்கப்படுகிறது. இவ்வகை நிலையங்களில் ஒரு கனமீற்றர் நன்னீருக்குப் பொதுவாக 3 முதல் 4 அலகு மின்சாரம் தேவை. விக்டோரியாவில் இத்தனை அலகு பெற 6 முதல் 8 கனமீற்றர் ஆற்றுநீர் விழ வேண்டும். மழை நல்ல ஆண்டில் இதைத் தாங்கலாம். வறட்சி ஆண்டிலோ குடாநாட்டின் குடிநீர்த் தேவை கூடும் அதே மாதங்களில் மலைநாட்டு நீர்த்தேக்கங்களும் தாழ்ந்திருக்கக்கூடும். அப்போது தாளையடியின் இயந்திரங்களைப் பெரும்பாலும் இறக்குமதி நிலக்கரியும் எண்ணெயும்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.