சானமாவுக் காட்டோரத் தீயும் செயற்கைக்கோளும்

ஓசூரையடுத்த சானமாவுக் காப்புக்காடு யானைகள் வந்து தங்குமிடம். அதனோரம் கேழ்வரகு பயிரிடும் குடியானவர்கள், கோடையில் வரப்புச் சருகுக்குத் தீயிடுமுன் ஒன்று அறிதல் நலம். 2011-ல் ஏவப்பெற்ற சுவோமி என்.பி.பி. செயற்கைக்கோள் பகலிலும் இரவிலும் ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு நம் நாட்டின் மேல் செல்கின்றது. தொலைவிற் புகையும் புழுதியும் கண்ணுக்கு மயங்கும். அக்கருவியோ வெப்பத்தைக்கொண்டே தீயை அறிகின்றது. எனினும் 375 மீட்டர் சதுரத்தினுள் எரியுமிடம் இன்னதென அது காட்டாது. டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் இதனைக் குறுஞ்செய்தியாய் அனுப்புகின்றது; பதிந்துகொண்டோர் பெறலாம். காலையில் பற்றி நண்பகலுக்குள் அவிந்த தீ அதற்குத் தென்படாமலே போகலாம். ஆகையால் கிராம அதிகாரிகள் செய்திக்குக் காத்திராது, புகை கண்டவுடன் வனத்துறைக்கு அறிவித்தல் வேண்டும். காடு நோக்கிக் காற்றடிக்கும் நாளில் வரப்பில் நெருப்பிடலாகாது.