வைரம் வாங்கிய மாளிகை

வக்கீல் தொழிலில் பழகியவர்கள் எந்தச் சொத்தைப் பற்றிப் பேச்செழுந்தாலும் முதலில் தேடுவது தாய்ப்பத்திரத்தையே. விற்றவனுக்கு அச்சொத்து எவ்வாறு வந்தது, அவனுக்கு முன்னவனுக்கு எவ்வாறு வந்தது என்று பின்னோக்கிச் சென்று, வில்லங்கம் இல்லையென்று கண்ட பின்னரே கட்சிக்காரனைப் பணம் கொடுக்க விடுவார்கள். சீமையிலுள்ள பிரபுக்களின் மாளிகைகளையும் இக்கண்ணோடு பார்ப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வாலில் பொகன்னாக் என்றொரு பண்ணை இருக்கிறது. நடுவே மாளிகை, சுற்றிலும் மான்கள் திரியும் வனம். 1644ஆம் ஆண்டின் உள்நாட்டுப் போரில் முதலாம் சார்லஸ் மன்னர் அங்கே தங்கினார். பின்னாளில் அதன் சொந்தக்காரராயிருந்த மோகன் பிரபு, 1712இல் லண்டன் ஹைடு பார்க்கில் ஹாமில்டன் கோமகனோடு துவந்த யுத்தம் செய்ய, இருவருமே மாண்டனர். 1717இல் அவருடைய விதவை பண்ணையை விற்றாள். விலை 54,000 பவுன். வாங்கியவர் தாமஸ் பிட். 1698 முதல் 1709 வரை நமது சென்னைக் கோட்டையில் கவர்னராயிருந்தவர். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம் முதலிய ஐந்து கிராமங்களை 1708இல் கம்பெனிக்குச் சேர்த்து வைத்தவரும் இவரே.

பத்திரத்தில் குற்றமில்லை. கிரயத் தொகை எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. கம்பெனி உத்தியோகஸ்தர் ஒருவருடைய சம்பளத்தில் இத்தகைய பண்ணையை வாங்குவது கனவிலும் நடவாத காரியம்.

கிருஷ்ணை நதிப் பிரதேசத்துச் சுரங்கத்தில் அகப்பட்ட 410 காரட் வைரமொன்றை ஜம்சந்த் என்னும் வியாபாரி சென்னைக்குக் கொண்டுவந்தார். அவர் கேட்டது 2,00,000 வராகன்; பேரத்தில் முடிந்தது 48,000 வராகன், அதாவது 20,000 பவுனுக்குச் சற்று மேல். பட்டை தீட்டியபின் 140 காரட்டாக நின்ற அக்கல்லை 1717இல் பிரான்ஸின் ராஜப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார் பிட். இன்று அது பாரிஸிலுள்ள லூவ்ர் காட்சிச்சாலையில் இருக்கிறது. பண்ணை வாங்கியதும் அதே ஆண்டு என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

கவர்னர் பலாத்காரமாகக் கல்லைப் பறித்தார் என்ற வதந்தி அக்காலத்திலேயே எழுந்தது. தாயகம் திரும்பும் வழியில், 1710இல் நார்வே தேசத்துப் பெர்கன் துறைமுகத்திலிருந்து, நியாயமாகவே வாங்கியதாக அவர் ஒரு வாக்குமூலம் எழுதி வைத்தார். அவர் பொய் சொன்னார் என்று நாம் சொல்லத் துணியவில்லை. ஆனால் எதிர்க்கட்சியின் குறுக்கு விசாரணைக்கு உட்படாத வாக்குமூலத்திற்கு எவ்வளவு மதிப்பென்பது எந்த முன்சீப்புக்கும் தெரியும். கோட்டைக்கும் அதன் பீரங்கிகளுக்கும் அதிபதியானவர் எதிரே அமர்ந்து கேட்கும் விலையை எந்த வியாபாரிதான் கடைசிவரை மறுத்து நிற்பான்? சுரங்கத்தில் அதைக் கண்டெடுத்த அடிமை, தன் காலில் புண் உண்டாக்கி அதனுள் மறைத்துக் கொண்டுவந்தான் என்றும், ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவன் அவனைக் கொன்று கல்லைக் கவர்ந்தான் என்றும் ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, தோண்டியவனுடைய பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

பிட் வாங்கியது பண்ணை மட்டுமன்று. இந்திய வியாபாரத்தில் முன்பே பொருள் சேர்த்திருந்த அவர், 1691இல் ஓல்டு சாரம் என்னும் மண்மேட்டை வாங்கியிருந்தார். குடியிருப்பே இல்லாத அவ்விடத்திற்குப் பார்லிமெண்டில் இரண்டு ஸ்தானங்கள்! 1832இல் ஒழிக்கப்படும் வரையில் இந்த வேடிக்கை நடந்துவந்தது. சுயாட்சிக்கு நாம் இன்னும் பக்குவப்படவில்லை என்று நமக்கு உபதேசித்தவர்களின் ஜனநாயகம் இவ்வாறு இருந்தது. 1735இல் அந்த மேட்டின் பிரதிநிதியாகச் சபை புகுந்த அவருடைய பேரனே பின்னர்ப் பிரதம மந்திரியான சாதம் பிரபு. சாதமின் மகன் இளைய பிட்டும் பிரதம மந்திரியானார்; கம்பெனியை மேற்பார்வை பார்க்கக் கட்டுப்பாட்டுச் சபையை நிறுவிய 1784ஆம் வருஷத்து இந்தியச் சட்டம் அவர் கொண்டுவந்ததே. நம் நாட்டை யார் ஆள வேண்டும் என்பதைச் சென்னைக் கவர்னரின் கொள்ளுப்பேரன் தீர்மானித்தார்.

பொகன்னாக்கோ மூத்த கிளையிடம் தங்கிற்று. அக்கிளையின் கடைசி ஆண் வாரிசான காமெல்போர்டு பிரபுவும் 1804இல் துவந்த யுத்தத்திலேயே இறந்தது விந்தை. பண்ணை அவருடைய சகோதரிக்குச் சேர்ந்தது. அவள் கணவர் கிரென்வில் பிரபு, 1790 முதல் 1793 வரை அதே கட்டுப்பாட்டுச் சபையின் தலைவராயிருந்தவர்! 1864இல் அவள் இறந்தபின் சொத்து பார்டெஸ்க்யூ குடும்பத்தாருக்குப் போயிற்று. 1969 முதல் ஆளின்றிப் பாழாய்க் கிடந்த மாளிகையை அக்குடும்பத்தார் செப்பனிட்டு, 2012இல் அத்திருப்பணிக்காகப் பரிசும் பெற்றனர்.